கப்பலடியில் நிற்கிறான்

தம்பியைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அம்மா உண்ணாமலை. கால்மாட்டில் சித்திமார் இருவர். பந்தலில், முதல் நாற்காலியில் தாய்மாமன் பெரியகருப்பன். அவருக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார் அப்பா ஆத்மநாதன். இளமதி உள்ளறையில், அந்தத் தம்பி வெற்றிச்செல்வனின் கம்ப்யூட்டர் முன்னால்.

மாமா கதவடியில் வந்து நின்றார். “யாருக்காச்சும் கேதம் சொல்லாம விட்டுப்போச்சா ஆத்தா? நாளைக்கி நம்மள ஏசுவாய்ங்க.”

“ஒருத்தர் இருக்காரு மாமா. ஓசூர்ல.”

“என்ன மொற?”

“மொறையெல்லாம் இல்ல. தம்பியும் அவரும் ஒரே கப்பல்.”

“கப்பலா? ரத்தம் சுத்தம் பண்ற மெசினுக்குப் போன நாளு தவுர கொளத்தூரத் தாண்டலையே இவன்!”

மாமா துண்டால் வாயை மூடிக்கொண்டு போனார்.

அக்காளுக்கும் தம்பிக்கும், கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு விண்வெளி ஆட்டம், யாருடையது மேல் என்று ஓயாத வழக்கு. அவளுடையதில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த சூரியன். செத்தாலும் மூச்சு விடுவதற்குள் எழுந்து பறக்கலாம். அவனுடையதிலோ படுக்கையைவிட்டு எழுந்து, உடுப்பு மாட்டி, ரயிலேறிக் கப்பலடிக்குப் போகவே அரை மணி. செத்தால் தொலைவில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழித்து, எல்லாம் முதலிலிருந்து.

“ஒன்னோடது கணுக்கால் தண்ணி அக்கா. என்னோடது கெணறு.”

“கெணத்துக்குள்ள என்னடா இருக்கு, இருட்டு.”

“சிறுநீரகம் போனவனுக்கு எங்கிட்டுப் போக அவசரம்?” என்பான்.

அவன் கணக்கைத் திறந்தாள். ஓசூர்ச் சரவணக்குமார் ஆட்டத்துக்குள்ளேதான் இருந்தான்.

‘அவன் செத்துட்டான்’ என்று அடித்தாள்.

‘மறுபடியுமா? எங்கடா விழுந்த?’

‘நெசமா. காலையில.’

‘செத்தவன் டைப் அடிக்கிறானாக்கும்.’

‘நான் அவனோட அக்கா.’

‘போன வாரம் அப்பத்தா செத்துருச்சுன்னு ஏமாத்துன. இப்ப அக்காவா?’

அந்த ஆட்டத்தில் அவர்கள் நாளுக்கு நாலு தடவை சொல்லிக்கொண்ட வார்த்தைதான் ‘செத்துட்டேன்’. வேறு வார்த்தை அவளிடம் இல்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனாள். குரலுக்குப் பதில் காற்று வந்தது.

வெளியே சங்கு ஊதியது. “எடுக்கப் போறாக, வாம்மா” என்று சித்தி கையைப் பிடித்து இழுத்தாள். எடுப்பதற்குள் சரவணக்குமாருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். தெரியவில்லை.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின், தலையில் ஈரத்தோடு உள்ளே வந்தாள். திரையில் தம்பியின் ஆள் கட்டிலில் படுத்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கீழே ஒரு வரி.

‘மெதுவா வாடா. கப்பலடியிலதான் நிக்கிறேன். எங்கயும் போகல.’

கம்ப்யூட்டரை அணைத்தாள். அணைத்தால் தம்பியின் ஆளும் மறைந்துவிடுவானே என்று பிறகுதான் தோன்றியது.

தாளை எடுத்து எழுதினாள். அன்புள்ள என்று தொடங்கவில்லை. பெயர், ஊர், நேரம், தகனமான இடம். ‘இது விளையாட்டு இல்லைங்க’ என்று எழுதி, அதை மட்டும் கோடு போட்டு அடித்தாள். உறையின் நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவினாள். ஓசூரில் வளர்ந்த பிள்ளைக்கு மூலைக் கறுப்பு என்றால் சாவுச் சேதி என்று புரியுமா, தெரியவில்லை. சரவணக்குமாருக்கு விராலிமலை விபூதி அனுப்பச் சொல்லித் தம்பி ஒருமுறை தந்த முகவரி அவளுக்கு மனப்பாடம்.

கோந்து இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கி ஒட்டினாள்.

மறுநாள் காலை குளத்தூர் தபாலாபீசில், சன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் உறையின் கறுப்பு மூலையைப் பார்த்தாள். முத்திரையைக் குத்தி, சாக்கில் போட்டாள்.