நான்கு நாள் வாய்ப்பூட்டு

செவ்வாய்க்கிழமை காலையில் வாயைத் திறந்தால், தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்தான் வந்தது. சனிக்கிழமை என் தம்பி கவுமாவுக்குப் பெண் கேட்டுப் போக வேண்டும். உகாண்டாவில் எங்கள் புகாண்டா பக்கம் மாப்பிள்ளை அங்கே வாயே திறக்கக் கூடாது. அவனுக்காகப் பேச ஓர் ஆள், பெண் வீட்டுக்குப் பேச ஓர் ஆள். பதினொரு வருடமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் நான்தான் பேசுகிறேன். சொந்தத் தம்பிக்கு என்று வரும்போது தொண்டை காலை வாரிவிட்டது.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

"நாலு நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, போசா. குசுகுசுன்னும் பேசாதே, அது இன்னும் கெடுதி. 'ம்ம்' கூடக் கொட்டக் கூடாது. தண்ணி குடி, ஆவி பிடி, சாராயம் பக்கமே போகாதே. மீறினா சனிக்கிழமை மைக்ல காத்துதான் வரும்."

'ம்ம்' கொட்டாமல் எப்படி? எங்கள் ஊரில் ஒருவர் நலம் விசாரித்தால் நாம் 'ம்ம்' என்போம், அவர் 'ஈ' என்பார், மறுபடி நாம் 'ம்ம்'. பாதி ஆயுள் அதில்தான் போகிறது.

"ஒரு அட்டையில 'தொண்டை சரியில்லை'ன்னு எழுதிக் கழுத்துல மாட்டிக்கோயேன்" என்றாள் என் மனைவி நான்டுமே. முறைத்தேன். விஷயம் வெளியே தெரிந்தால் பெண் வீட்டுப் பேச்சாளர் செக்கிட்டோ என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்.

"முறைக்காதய்யா. கல்யாணமாகி இப்பதான் இந்த வீட்ல ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிக்கிறேன்."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். வாசலுக்கும் வாழைத்தோப்புக்குமாக நடந்தேன். உட்கார்ந்தால் கால் ஆடியது, படுத்தால் சனிக்கிழமைப் பேச்சு மண்டைக்குள் ஓடியது.

வியாழக்கிழமை அப்படி நடந்து சாலை வரை போனபோது, ஒரு வயதான அம்மாள் எதிரே வந்தார். வெளியூர் முகம். எங்கள் வழக்கப்படி முழங்காலை மடக்கி, "நல்லா இருக்கியா தம்பி? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். எனக்குத் தொண்டை வரை 'ம்ம்' ஏறியது. அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். பின்னாலிருந்து "ம்ம்?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். நடையை எட்டிப் போட்டேன்.

வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு 'ம்ம்' சொல்லியிருந்தால் குடியா முழுகியிருக்கும்? வெள்ளிக்கிழமை முழுக்க அதே நினைப்புதான்.

சனிக்கிழமை குரல் கணீரென்று வந்துவிட்டது. வெள்ளைக் கன்சு அங்கி உடுத்திப் பெண் வீட்டுப் பந்தலில் மைக்கைப் பிடித்தேன். நான் வீசிய முதல் கேலிக்கே கைதட்டல். செக்கிட்டோவின் முகம் விழுந்தது. அப்போது, எங்கள் கூட்டத்தில் மாப்பிள்ளை யாரென்று அடையாளம் காட்டி, கைபிடித்து எழுப்பிச் சம்மதம் சொல்ல, பெண்ணின் அத்தை வெளியே வந்தார். அதே அம்மாள்.

அத்தை என் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளை வீடு எப்படின்னு பாக்க வியாழக்கிழமை நானே போனேன். ரோட்ல இந்த மகராசனை நலம் விசாரிச்சேன். கொசு விரட்டுற மாதிரி கையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. வாய் இருக்குன்னு இப்பதான் தெரியுது! கேட்டதுக்கு 'ம்ம்' சொல்லாத வீட்ல எங்க பொண்ணு யார்கிட்டப் பேசுவா?"

கவுமாவின் முகம் செத்துப்போயிருந்தது. இந்தப் பெண்ணுக்காக ஆறு வருடம் காத்திருந்தவன்.

"அத்தை, தொண்டை சரியில்லாம..." என்று இழுத்தேன்.

"தொண்டையா? மணி மாதிரி அடிக்குதே!"

பந்தலே சிரித்தது. எங்களில் பெண்கள்தான் மண்டியிடுவார்கள், ஆண்கள் இல்லை. நான் மண்டியிட்டேன். நலம் விசாரித்தேன். அவர் 'ம்ம்' என்றார், நான் 'ஈ' என்றேன், ஒன்று விடாமல் முடித்தோம்.

"எனக்கு ஆச்சு. இவங்களுக்கு?" என்று பந்தலைக் காட்டினார்.

நூற்று நாற்பது பேர். மைக் இல்லாமல், ஒவ்வொருவராக, வீடு, பிள்ளைகள், மாடு கன்று என்று விசாரித்தேன். நாற்பதாவது ஆளிடம் குரல் பிசிறியது. எழுபதில் கரகரத்தது. "காதுல விழல, இன்னொரு தடவை" என்றார் ஒரு கிழவர். இன்னொரு தடவை சொன்னேன். நான்டுமே தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தாள். கடைசி வரிசைக்குப் போனபோது யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்தேன். செக்கிட்டோ மைக்கை நீட்டி, "சரி, எதுக்கு வந்தீங்க?" என்றார். அரைமணி நேரப் பேச்சு தயாராக வைத்திருந்தேன். உதடுதான் அசைந்தது. இத்தனை பேருக்கும் பேசிவிட்டுத் தம்பிக்குப் பேச முடியவில்லையே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அத்தை பக்கத்தில் வந்து என் வாயருகே காதை வைத்தார். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஒரே வார்த்தை சொன்னேன். "பொண்ணு."

அவர் நிமிர்ந்தார். இளவட்டங்களின் வரிசைக்குள் நேராகப் போய்க் கவுமாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எந்திரிங்க மாப்பிள்ளை. உங்கண்ணன் கேட்டுட்டாரு."