கீழ் விளிம்பு

மாப்பிள்ளை வந்துவிட்டார். அந்த இதய நிபுணருக்கு நர்ஸுகள் வைத்த பேர் அது. விமானத்தில் வருவார், ஒரு ஓட்டையை அடைப்பார், போட்டோவுக்கு நிற்பார், கையுறையைக் கழற்றிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போவார்.

மேஜையில் ஆறு வயதுப் பெண், மயக்கத்தில். இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே பிறவி ஓட்டை. தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, கம்பிவலையால் ஆன இரட்டைத் தட்டை அதில் மாட்ட வேண்டும். நெஞ்சில் கத்தி படாது. மாடி அரங்கில் இருநூறு டாக்டர்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தையின் தொண்டை வழியே இறக்கிய எக்கோ கருவியைப் பிடித்திருந்தாள் எக்கோ டாக்டர். தட்டு பிடித்து நிற்க ஓட்டையைச் சுற்றிச் சதை விளிம்பு வேண்டும். கீழ்ப்பக்கம் மூன்று மில்லிமீட்டர்தான் என்று நேற்று அவள் அளந்திருந்தாள். "எக்கோக்காரங்களுக்கு எப்பவுமே கஞ்ச அளவு" என்று அவர் அதை ஐந்தாக்கினார். நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

தட்டு விரிந்தது. அதைக் கழற்றிவிடும் முன், அது மாட்டியிருக்கும் கேபிளை நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். அவர் பூனைக்குட்டியைத் தொடுவதுபோலத் தொட்டார்.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கு."

"நல்லா இழுங்க சார்," என்றாள் மெதுவாக.

"ஏம்மா, பிச்சுக்கிட்டு வரணும்னு வேண்டுதலா?"

அரங்கின் சிரிப்பு ஒலிபெருக்கியில் கேட்டது. அவர் விரல்கள் கேபிளைக் கழற்றும் திருகுக்குப் போயின. கழன்ற பிறகு நழுவினால் தட்டு ரத்தத்தோடு போகும். குழந்தையும் போகலாம்.

அவர் கழுத்தில் மைக் இருந்தது. அதற்குக் கேட்கும்படி அவள் சொன்னாள்: "கீழ் விளிம்பு மூணு மில்லிமீட்டர். இன்னும் இழுத்துப் பாக்கல."

சிரிப்பு நின்றது. அரங்கிலிருந்து ஒரு கிழட்டுக் குரல், "ஒரு தடவை இழுத்துக் காட்டிடுங்களேன்."

இழுத்தார். தட்டின் அடிப்பக்கம் வாயைப் பிளந்தது. மொத்தமும் பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தது. கேபிள் கழன்றிருக்கவில்லை. குழாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ள முடிந்தது.

அவர் கேமராவைப் பார்த்தார். "பாத்தீங்களா, இதுக்குத்தான் இழுக்காம விடாதீங்கன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்றேன்."

கைதட்டினார்கள். வெட்கமும் பிறவியில் வர வேண்டிய உறுப்புதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

குழந்தையின் தாய் எழுந்து நின்றாள்.

"ஆபரேஷன்தான் பண்ணணும்மா. நெஞ்சைத் திறந்து தைப்பாங்க. தழும்பு இருக்கும். பொண்ணு நல்லா இருப்பா."

"நேத்து அளந்தப்பவே தெரியலையா?"

"தெரிஞ்சுது."

தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்புறம் எதுக்கு உள்ள கொண்டுபோனீங்க?"

அவள் முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் சுருட்டினாள்.

"எப்ப ஆபரேஷன்?"

"வியாழக்கிழமை."

"அன்னிக்கு நீங்க வர வேண்டாம்," என்றாள் தாய்.