நாலு அங்குலம்

இருபது பந்து போட்டேன். ஆறுதான் வளையத்துக்குள் போனது. பாக்கி பதினாலும் முன்விளிம்பில் மோதி, போடா என்பதுபோல் என்னிடமே திரும்பி வந்தன.

அணியில் ஒருத்தன் முகத்திலும் ஈயாடவில்லை. என்னை ‘ஒட்டகம்’ என்று கூப்பிட்டு உயிரை வாங்கும் பயல்கள்கூடக் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ தலையே சுற்றியது. நேற்றுக் காலை வீட்டுப் பக்கத்து வளையத்தில், இதே தூரத்திலிருந்து இருபதுக்குப் பதினேழு போட்டவன் நான்.

இடது முழங்கால் ஆபரேஷன் நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. கல்லூரியில் இது எனக்குக் கடைசி வருஷம். கூடைப்பந்துப் போட்டிக்குப் போகும் பன்னிரண்டு பேர் பட்டியல் இன்று சாயங்காலம் ஒட்டப்படும். ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து இருபதுக்குப் பதினாலு போட்டால் எனக்கு இடம் உண்டு. இல்லையென்றால் என் ஆட்டம் இத்தோடு சரி.

“முட்டி வலிக்குதா?” என்று கேட்டார் கோச்.

“இல்ல சார்.”

“அப்ப தலைக்குள்ளதான் கோளாறு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு அஞ்சு மணிக்கு வா. இன்னொரு தடவை பாக்கறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காத.”

சாப்பாடாவது ஒன்றாவது. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அந்த வளையத்துக்குத்தான் போனேன். அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஊழியர் குடியிருப்பில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் அது இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்காக ஏற்றி இறக்குகிற மாதிரி செய்த இரும்புக் கம்பம். குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மூன்று மாதமாக அங்கேதான் நின்ற இடத்திலிருந்து போட்டுப் பழகினேன். தினமும் அம்மா டியூட்டிக்குப் போகுமுன் வந்து பந்து பொறுக்கிப் போடுவாள்.

இன்று அதில் புது வலை தொங்கியது. மூன்று மாதமாக வலையில்லாத மொட்டை வளையம்தான். ஒரு கயிறு சுருண்டு மாட்டியிருந்தது. அதை எடுத்துவிடலாமென்று கையைத் தூக்கினேன். வலையின் நுனி விரலில் சிக்கியது.

குனிந்து என் பாதத்தைப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் தரையில் இருந்தன. கல்லூரி வளையத்தில் வலையைத் தொட நான் குதிகாலை முழுசாகத் தூக்கி எம்பியாக வேண்டும். மூன்று வருஷமாக எம்பியிருக்கிறேன். கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினேன். மறுபடியும் சிக்கியது.

வாட்ச்மேனிடம் ஓடினேன். “அண்ணே, அந்த வளையத்த யாரு இறக்கினது?”

“உங்க அம்மாதான் தம்பி சொன்னாங்க. மூணு மாசம் இருக்கும். பையனுக்கு முட்டி சரியில்ல, நாலு இஞ்ச் இறக்கிவிடுங்கன்னாங்க. வலையையும் கழட்டச் சொன்னாங்க. இன்னைக்கு உனக்கு டீம் செலக்‌ஷன் முடிஞ்சிருக்கும்னு நான்தான் புதுசு மாட்டினேன். ஏன், நல்லால்லியா?”

நேரே ஆஸ்பத்திரிக்கு, அம்மாவின் அறைக்கு நடந்தேன்.

என் அம்மா பிசியோதெரபிஸ்ட். ஊரையே அதட்டும் பெரிய மனிதர்கள் அவளிடம் வந்தால் பெட்டிப் பாம்பாகிவிடுவார்கள். அவள் அறையில் மூன்று மரப்படிகள் உண்டு. நாலு அங்குலம், ஆறு, எட்டு. நாலு அங்குலப் படியில் ஒரு வாரத்துக்கு மேல் யாரையும் நிற்க விடமாட்டாள். அழுதாலும் கெஞ்சினாலும் அடுத்த படிதான். நான் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது, ஒரு லாரி டிரைவர் கம்பியைப் பிடித்தபடி ஆறில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“வளையத்த இறக்கச் சொன்னியா?”

“நீங்க உக்காருங்க சார்” என்று டிரைவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். என் பக்கம் திரும்பி, “எத்தனை போட்ட?” என்றாள்.

“ஆறு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

அவள் முகம் வெளுத்தது. “சொன்னேன். மொத நாள் முப்பது போட்ட, ஒண்ணுகூட விழல. இனிமே பந்தையே தொடமாட்டேன்னு பாத்ரூம்ல பூட்டிக்கிட்டு அழுத. எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? இங்க எல்லாருக்கும் செய்யறதுதானேன்னு இறக்கினேன். வாரத்துக்கு ஒரு இஞ்ச் ஏத்தணும்னுதான் இருந்தேன்.”

“ஏன் ஏத்தல?”

“விழ ஆரம்பிச்சதும் நீ சிரிச்சடா. ஆறு மாசம் கழிச்சு சிரிச்ச. எனக்கு மனசு வரல. நாலு இஞ்ச்தானே, பெரிய கிரவுண்டுக்குப் போனா தானா சரியாயிடும்னு…”

“நாலு இஞ்ச்தானேவா?” நான் போட்ட சத்தத்தில் டிரைவர் எழுந்தே விட்டார். “இவருக்கு இப்படிச் செஞ்சிருப்பியா? உன் பேஷன்ட் யாருக்காவது செஞ்சிருப்பியா?”

“மாட்டேன்” என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தையில் நான் ஆடிப்போய்விட்டேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

வாட்ச்மேனிடம் சொல்லிக் கம்பத்தைப் பழைய உயரத்துக்கு ஏற்ற வைத்து, நாலு மணிவரை போட்டேன். முதல் பத்தும் முன்விளிம்பு. பதினோராவதில்தான் உறைத்தது, மூன்று மாதமாக நான் இடது முழங்காலை மடக்கவே இல்லை. இறக்கிய வளையத்துக்குக் கையே போதுமாக இருந்திருக்கிறது. பயந்துகொண்டே மடக்கினேன். வலிக்கவில்லை. பந்து உள்ளே போனது. சந்தோஷத்துக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. இதை மூன்று மாதத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருப்பேனே!

அஞ்சு மணிக்கு, இருபதுக்குப் பதிமூன்று போட்டேன். கடைசிப் பந்து விளிம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

“ஒரு நாள்ல ஆறு பதிமூணாயிருக்கு. இன்னும் பத்து நாள் இருந்திருந்தா…” கோச் அதை முடிக்கவில்லை. “ஆனா பதினாலுன்னுதானே எல்லாருக்கும் சொன்னேன்.” வளையத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. சொன்னாலும் பதிமூன்று பதினாலாகப் போவதில்லை. என் பேர் இல்லாத பட்டியலை அவரே கொண்டுபோய் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

வாசலுக்கு வந்தால், அம்மா நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இருபது வருஷத்தில் டியூட்டியைப் பாதியில் விட்டு அவள் வந்து நான் பார்த்ததில்லை, எனக்கு ஆபரேஷன் நடந்த அன்றுகூட. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கேட்கப் பயந்துகொண்டு என் வாயையே பார்த்தாள்.

“பதினாலு” என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை? நான் யோசிக்கவே இல்லை. அம்மா என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க ஓவென்று அழுதாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்தாள்.

“இரு, உன் பேரை என் கண்ணால ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்.”

நோட்டீஸ் போர்டு இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தாள்.