காதுடைந்த சிங்கம்

ஸ்தமாதிஸ் காபிக்கடைத் தொலைக்காட்சியில் பழைய கிரேக்கத்தைக் காட்டும் ஒரு வீடியோ விளையாட்டைப் போட்டுவிட்டு, அண்ணியை வரச்சொல்லி ஆளனுப்பினான். ஆர்கிரோ உள்ளே நுழைந்தபோது, குன்றின் மேல் இடிந்து கிடக்கும் தீவுக் கோயில் திரையில் முழுசாக நின்றது. எந்தக் காலத்திலோ வந்துபோன பயணி ஒருவன் வரைந்த படங்களை வைத்து, கூரையோரத்துச் சிங்கத்தலைகளின் உடைசலைக்கூட விடாமல் செய்திருந்தார்கள்.

இடிந்த கோயிலின் கல்லையெல்லாம் உருட்டிவந்துதான் ஊரே வீடு கட்டிக்கொண்டது. ஈஸ்டருக்கு ஈஸ்டர் அதன்மேல் சுண்ணாம்பு ஏறும். வெளியாளிடம் யாரும் மூச்சு விட்டதில்லை. ஆனால் அண்ணன் செத்ததிலிருந்து அவள் வீட்டுக்காகக் கறுவிக்கொண்டிருந்த கொழுந்தன், ஏதென்ஸிலிருந்து வந்த தொல்பொருள் அதிகாரியைப் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தான்.

"பாத்தீங்களா மேடம், காது உடைஞ்ச சிங்கம்? அதுதான் எங்க அண்ணி அடுப்புக்கு மேல இருக்கு. அண்ணி, இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்."

"சுவத்தை இடிச்சுத்தான் எடுக்கணும்" என்றாள் அதிகாரி. அந்தச் சுவர்தான் ஆர்கிரோ வீட்டுக் கூரையைத் தாங்கியது.

ஆர்கிரோ சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். ஒருத்தனும் நிமிரவில்லை. கணவனைப் புதைத்த அன்று தோளில் சாய்த்து அழுத யான்னூலாகூட நூல்கண்டில் முடிச்சுத் தேடினாள். இவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்று நம்பித்தானே இவன் இவ்வளவு ஆடுகிறான் என்று நினைத்தாள்.

"இருக்கு" என்றாள். "அதுக்கு அடுத்தது எங்க இருக்குன்னும் சொல்லேன் ஸ்தமாதி."

"அண்ணி."

"உன் கழுதைக் கொட்டகைல. நெத்தில உங்கப்பன் ஆணி அடிச்சிருக்கான், கயிறு கட்ட. மேடம், அதுக்கும் அடுத்தது பாதிரியார் வீட்டுக் கிணத்துல."

சீட்டுகள் மேசையில் விழுந்தன. "டிவியை அமத்துடா நாயே" என்று யாரோ ஸ்தமாதிஸைப் பார்த்துக் கத்தினார்கள்.

"அமத்தக் கூடாது" என்றாள் அதிகாரி.

"வாய மூடு ஆர்கிரோ" என்றாள் யான்னூலா மெதுவாக. "எம் பொண்ணு வீட்டுலயும் அந்தக் கல்லு இருக்கு."

ஆர்கிரோ அவளைப் பார்த்தாள். அந்த வீடும் அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் குழந்தையை அங்கேதான் குளிப்பாட்டியிருக்கிறாள்.

"அந்தப் பக்கமா திருப்பு, மிச்சத்தையும் சொல்றேன்" என்று திரையைக் காட்டினாள்.

ஸ்தமாதிஸின் விரல்கள் அசையவில்லை. அதிகாரி அவன் கையிலிருந்து விளையாட்டுக் கருவியை வாங்கினாள். கோயில் மெல்லத் திரும்பியது, நிழலில் கிடந்த மறுபக்கம் வெயிலுக்கு வந்தது.