கழுத்தில் போட்ட கோடு

புற்றுநோய் ஆஸ்பத்திரியில், கதிர்வீச்சுக் கரண்டு வைக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் தார்க்காரன் மனைவி. பதினோராவது நாள். உள்ளே போன அவள் புருஷன் போன வேகத்தில் திரும்பி வந்தான். பின்னாலேயே மெஷின்காரப் பெண்.

"கரண்டு வைக்க அடையாளத்துக்குக் கழுத்துல போட்ட கோடு எங்கம்மா? தண்ணி படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி படலைங்க."

அது பொய்யில்லை. பத்து நாளாக அவன் கன்னத்தையும் கழுத்தையும் கைக்குழந்தை மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். நேற்று ரோட்டு வேலையில் தார் தெறித்துக் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷமாகச் செய்வதைத்தான் செய்தாள். துணியை டீசலில் நனைத்துத் துடைத்துவிட்டாள். டீசல் தண்ணீராகுமா என்ன?

"டீசலா! ஐயோ, கரண்டு வெச்ச தோலும்மா அது. எப்படி உரிஞ்சிருக்கு பாருங்க."

டாக்டர் வந்து பார்த்தார். புண் ஆறும்வரை கரண்டு கிடையாது. ஆற வேண்டுமானால் வெயிலும் ஆகாது, அனலும் ஆகாது. "சீக்கிரம் ஆறணும்மா. அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்காது" என்றவர், நிழலில் வேலை கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"என் கையாலயே கெடுத்துட்டேனே, பாவி" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

"விடுடி. நீ துடைச்ச துடைப்புல பத்து வயசு குறைஞ்சு மாப்பிள்ளையாட்டம் ஆயிட்டேன்" என்று சிரிக்கப் பார்த்தான். கன்னம் இழுத்து வலித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் காலை கடிதத்தை மேஸ்திரி இரண்டு தடவை படித்தார்.

"ரோட்டுல நிழலுக்கு நான் எங்கம்மா போவேன்? முடிஞ்சா தார் போடட்டும். முடியலைன்னா சொல்லிடு, வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"அதோ, அந்தக் குடைங்கண்ணே..."

"அது லெவல் பாக்குற மெஷினுக்கு. வெயில் பட்டா கெட்டுப்போயிடும். குடை பிடிக்கிறவன் இன்னிக்கு வரலை. நீ கூட்டுற வேலையை விட்டுட்டு அதைப் பிடி."

தார் லாரி வந்து நின்று கொட்டியது. புகை எழுந்தது. அவன் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மண்வெட்டியோடு அதற்குள் இறங்கினான். பத்தடி தள்ளி, மூன்று கால் மெஷினுக்குக் குடை பிடித்தபடி அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அறியாமலே குடை அவன் பக்கம் சாய்ந்தது.

"ஏம்மா, எங்க பாக்குற?" மேஸ்திரி கத்தினார். "மெஷின் மேல வெயில் அடிக்குது!"

அவள் குடையை நிமிர்த்தினாள்.