பூஜைக்குத் துடைத்த திரை

விஜயதசமி காலையில், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் விமல்ராஜ் வேங்கிக்கால் டைப்பிங் அலுவலகத்துக்கு வந்தபோது எல்லோருடைய திரையும் காலியாக இருந்தது. ஃபைல்கள் இல்லை. நீலம் மட்டும்.

காரணம் அவனுக்கு உடனே தெரிந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று முதலாளி சக்கரவர்த்தி மெயின் ஸ்விட்சை அணைத்திருந்தார். அப்போது யாரும் லாக் ஆஃப் செய்திருக்கவில்லை. எல்லோருடைய வேலையும் ஒரே சர்வரில் இருந்தது. அதில் ஒவ்வொருவரின் திரையையும் ஃபைல்களையும் அடையாளம் வைத்திருக்கும் புரொஃபைல் கெட்டுப்போயிருந்தது. அதைத் திறக்க முடியாத சர்வர், தற்காலிகமாக ஒரு வெற்றுத் திரையைக் கொடுத்திருந்தது.

"சரஸ்வதிக்கே லாக் இன் கெடைக்கலையா?" என்றார் சக்கரவர்த்தி.

அந்தத் திரையில் எதையும் சேமிக்க வேண்டாம், லாக் ஆஃப் செய்ததும் சர்வர் அதை அழித்துவிடும் என்று விமல்ராஜ் எல்லோரிடமும் சொன்னான். பழைய ஃபைல்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. ஒவ்வொருவருக்கும் புதுப் புரொஃபைல் உண்டாக்கி, அவர்கள் ஃபைல்களை அதில் நகல் எடுத்தான். மதியத்துக்குள் எல்லாம் திரும்பிவிட்டன.

கீர்த்தனா அப்போதுதான் கோயிலிலிருந்து வந்தாள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஹெய்ன்ஸ் என்ற ஜெர்மன்காரர், தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் அலுவலகத்துக் கேசட்டுகளில் பேசிக் கொடுத்திருந்தார். டைப் அடித்தது கீர்த்தனா. கடைசிக் கேசட் தன் மகளுக்கு என்று சொல்லித் தந்தார். அதற்கடுத்த வாரம் தூக்கத்திலேயே இறந்துபோனார். டைப் அடித்ததை வாங்க அவர் மகள் இன்று சாயங்காலம் வருகிறாள்.

"ஒன் ஜெர்மன் தாத்தா பத்திரமா இருக்காரும்மா" என்றான் விமல்ராஜ்.

அவள் உட்கார்ந்து ஃபைலைக் கடைசிவரை நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள்.

"கடைசி கேசட்டு எங்கண்ணா?"

"அத நீ இன்னும் அடிக்கலையே."

"காலையில நல்ல நேரத்துல வந்து அடிச்சு முடிச்சுட்டேன். நீங்க வரல."

"திரை காலியா இல்ல?"

"இருந்துச்சு. பூஜைக்குத் தொடச்சு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

திரையில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதி வந்ததாகவும், படிக்காமல் ஓகே கொடுத்ததாகவும் சொன்னாள். முடித்ததும் மறக்காமல் லாக் ஆஃப் செய்திருக்கிறாள். மறக்கக் கூடாது என்று தினமும் சொல்வது விமல்ராஜ்தான்.

கேசட்டையாவது எடுத்துத் தரச் சொன்னான். டைப் அடித்த கேசட்டை மறுபடி பயன்படுத்த, காந்தப் பெட்டியில் வைத்து அழித்து அடுக்குவது அலுவலக வழக்கம். இதையும் அவள் காலையிலேயே அழித்திருந்தாள். அவள் அடுக்கைக் காட்டினாள். எந்தக் கேசட்டிலும் பெயர் இல்லை.

அழிந்த ஃபைல்களை மீட்கும் புரோகிராமை ஓட்டினான். ஃபைலின் பெயர் கிடைத்தது. திறந்தால் வேறு யாருடைய கணக்கோ வந்தது. காலையிலிருந்து அவன் நகல் எடுத்த ஃபைல்களில் ஒன்று அதே இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

புரோகிராமை மூடினான்.

"என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்குமே" என்றான். "காலையிலதானே அடிச்ச."

"காதுல வுழறது அப்படியே கையில போயிடும்ணா. மனசுல நிக்காது." "நடுவுல ஒரு பஸ்ஸு ஹாரன் அடிச்சுது. அது நிக்கிற வரைக்கும் பேசாம இருந்தாரு. அதான் ஞாபகம்."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கேசட்டைக் காலால் ஓட்டி நிறுத்தும் மிஷினின் பெடலை, உள்ளே கேசட் இல்லாமலேயே மிதித்தாள். விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன. அசையவில்லை.

கீழே ஆட்டோ வந்து நின்றது. சக்கரவர்த்தி ஒரு பெண்ணை மேலே அழைத்து வந்தார். நரைத்த முடி, தோளில் பை. அப்பா தனக்காக ஏதோ பேசியிருப்பதாகக் கடிதம் எழுதியிருந்தாராம். என்ன சொன்னார் என்று கேட்டாள்.

கீர்த்தனா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். தெரிந்த ஆங்கிலத்தில் பஸ் ஹாரனைச் சொன்னாள். அது நிற்கும்வரை அவர் பேசாமல் இருந்ததைச் சொன்னாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, மீதிக்காகக் காத்திருந்தாள்.