சம்பளத்தோடு ஆறு மாதம்

...மேலாளர் ஒத்துக்கொண்டுவிட்டார், கையெழுத்தும் போட்டாயிற்று, இனி அவரே நினைத்தாலும் பின்வாங்க முடியாது என்று நினைத்தபடி அவள் மாடிப்படியில் இறங்கினாள், இறங்கினாளா பறந்தாளா, கால் தரையில் பாவவில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கும் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு ஆறு மாத விடுப்பு, திரும்பி வந்தால் அதே வேலை, காலி அட்டைப்பெட்டிகள் அடைந்து கிடக்கும் அறையில் குழந்தைகள் காப்பகம்... இதையெல்லாம் கேட்டு வாங்கியது நானா? கார்களுக்கு மின்கம்பி கட்டுகிறவள், மேலாளரின் அந்தக் குளிர்ந்த அறைக்குள் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றல்லவா பயந்தாள்? "பிள்ளை பெத்துக்கறது உங்க சொந்த விஷயம்மா, அதுக்குக் கம்பெனி என்ன செய்யும்?" என்று அவர் கேட்டபோது எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? "பெத்தா வேலை போகும்னு வெச்சிருக்கீங்களே சார், அப்புறம் அது எப்படி எங்க சொந்த விஷயமா இருக்கும்?" மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்...

எல்லாம் சின்னவளால்தான். இவள் பக்கத்தில் நின்று கம்பி கட்டுகிறவள், வரிசையில் எல்லோருக்கும் இளையவள். வயிறு வெளியே தெரியாமலிருக்கத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றவள் போன வாரம் கழிவறையில் மயங்கி விழுந்தாள், கண் விழித்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, "அக்கா, மேல சொல்லிடாதீங்க." அன்றைக்கு இவளுக்குள் ஏதோ அறுந்தது. மேலே சொல்லவில்லை, வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னாள், நேற்று காலை ஒரு கைகூடக் கம்பியைத் தொடவில்லை, இயந்திரங்களின் இரைச்சல் இல்லாமல் அந்தக் கூடம் எவ்வளவு பெரிது... பேசப் பேசத்தானே தெரிந்தது, பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட்டவர்கள் எத்தனை பேர், ஒப்பந்தம் புதுப்பிக்கட்டும், நல்ல வீடு அமையட்டும், அவருக்கு வேலை கிடைக்கட்டும் என்று, நாற்பதைத் தொட்டுவிட்டவள்கூட இன்னும் அதையே சொல்லிக்கொண்டு...

கதவைத் தள்ளியதும் கூடமே எழுந்து நின்றது. இவள் கட்டைவிரலை உயர்த்தினாள், அவ்வளவுதான், விசில், கைதட்டல், மேசையைத் தட்டும் சத்தம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னவள், இன்றைக்குத் துணிக்கட்டு இல்லை, வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு ராணி மாதிரி வந்து இவளைக் கட்டிக்கொண்டாள், வயிறு இடித்தது, இருவருக்கும் சிரிப்பு தாளவில்லை. "அடுத்தது நீங்கதானேக்கா? இனிமே என்ன தடை?" எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், இவளும் சிரித்தபடி வாயைத் திறந்தாள், மாமியார் போனில் கேட்கும்போதெல்லாம் சொல்வதைச் சொல்ல, வேலை நிரந்தரமில்லை அத்தை, அவர் ஓட்டுற வேனும் சொந்தமில்லை... ஆனால் அது இன்றைக்கு எடுபடாதே, அந்தச் சாக்கில் பாதியை இவளே இப்போதுதான் மேலே உடைத்துவிட்டு வந்தாள். அப்படியானால் வேண்டுமா எனக்கு? வேண்டும் என்று எப்போதாவது நினைத்தேனா, வேண்டாம் என்றாவது... எப்போது பிள்ளை என்றுதான் ஊரே கேட்டது, வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை, இவளும் கேட்டுக்கொண்டதில்லை, வருஷா வருஷம் சம்பளம்தான் இவளுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. "சொல்லுங்கக்கா!" கைதட்டல் ஓயவில்லை. "இருடி, யோசிச்சுச் சொல்றேன்," என்றாள், சொன்ன பிறகுதான் கவனித்தாள், யோசிக்கலாம் என்பதே எவ்வளவு இனிக்கிறது, எவ்வளவு பயமாகவும் இருக்கிறது...